டிராகன் சிறகு வரைய வௌவாலைப் பாருங்கள்

டிராகன் வரையத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது சிறகில்தான். முதுகில் ஒட்டவைத்த குடை போல வந்துவிடும். ஒரு வௌவால் படத்தை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் சிறகு உண்மையில் ஒரு கை: தோள், முழங்கை, மணிக்கட்டு, அங்கிருந்து விரியும் நான்கு நீண்ட விரல்கள். கட்டைவிரல் மட்டும் குட்டையாக, நகத்தோடு தனியே நிற்கும். முதலில் இந்த எலும்புக் கோடுகளை மட்டும் பென்சிலால் லேசாக இழுங்கள். விரல் நுனிகளை உட்பக்கம் வளைந்த கோடுகளால் இணைத்தால் சவ்வு வந்துவிடும். கடைசி விளிம்பைக் கால் பக்கம் கொண்டுபோய் உடலோடு சேருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். டைனோசர் காலத்தில் பறந்த ஊர்வனவான டெரோசரின் சிறகைத் தாங்கியதோ நான்காம் விரல் ஒன்றுதான். ஒல்லியான டிராகனுக்கு எனக்கு அந்த அமைப்பே பிடிக்கும்.

சுவர்களிலும் ரயில்களிலும் வரையும் எழுத்து ஓவியமான கிராஃபிட்டிக்கும் எலும்புக்கோடுதான் முதலில். 1970களில் நியூயார்க் சுரங்க ரயில்களில் பரவிய குமிழ் எழுத்தைப் பழக, எழுத்தை ஒற்றைக் கோட்டில் எழுதி, சுற்றிலும் ஒரே தடிமனில் உருட்டி வரையுங்கள். உள்கோட்டை அழித்துவிட்டு, நிழலை எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கம் போடுங்கள். தமிழில் முயல்பவர்கள் சுழிகளைச் சற்றுப் பெரிதாக வையுங்கள், தடிமன் ஏறினால் அடைபட்டுவிடும்.