பிரிண்டர் பக்கத்துக் குப்பைக்கூடையிலிருந்து தொடங்குங்கள்

அலுவலகத்தில் தாளும் மையும் வீணாவதைக் குறைக்கச் சில யோசனைகள் இவை. சென்னை பாரிமுனையைச் சுற்றியுள்ள, சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் அலுவலகங்களில், ஒவ்வொரு சரக்குக்கும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) என்று கட்டுக்கட்டாக அச்சடித்து ஃபைலில் கோப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் சுங்கத்துறை இந்தத் துணை ஆவணங்களை 2018 முதல் இ-சஞ்சித் என்ற தன் ஆவணப் பதிவேற்ற வசதி வழியாக இணையத்திலேயே பெறுகிறது. 2020 ஏப்ரலிலிருந்து அவுட் ஆஃப் சார்ஜ் எனும் சுங்க விடுவிப்பு ஆணையின் பிரதியும், சரக்கை வெளியே எடுப்பதற்கான கேட் பாஸும் பி.டி.எஃப். வடிவில் மின்னஞ்சலுக்கே வருகின்றன. ஆகவே, எந்த ஆவணத்தை இன்னமும் யார் தாளாகவே கேட்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். கேட்பாரற்ற தாளை நிறுத்துவதைவிடப் பெரிய சிக்கனம் இல்லை.

அடுத்து, ஒரு வாரம் கழிவுத் தாள்களை எறியாமல் ஒரு அட்டைப்பெட்டியில் சேர்த்து, சனிக்கிழமை பிரித்துப் பாருங்கள். எக்செல் பட்டியலின் கடைசி நெடுவரிசை மட்டும் தனியே விழுந்த பக்கங்களே அதில் மிகுதியாக இருக்கும் என்பது என் அனுபவம். பேஜ் லேஅவுட்டில் அகலத்தை ஒரு பக்கம் என்று அமைத்து, உயரத்தை ஆட்டோமேட்டிக்காக விட்டுவிட்டால் அந்தத் தொல்லை ஒழியும். மின்னஞ்சலின் கடைசிப் பக்கத்தில் கையொப்ப வரிகள் மட்டுமே இருக்குமானால், தேவையான பக்க எண்களை மட்டும் கொடுத்து அச்சடியுங்கள். இருபுற அச்சை ஒவ்வொரு கணினியிலும் இயல்பமைப்பாக வைத்துவிடுங்கள். அவரவர் நினைவை நம்பினால் நடக்காது.

ஒருபுறம் அச்சான தாளை மீண்டும் பிரிண்டரில் இடுவதை நான் ஆதரிப்பதில்லை. ஸ்டேப்ளர் பின் உள்ளே சிக்கினால் பழுதுச் செலவு மிச்சத்தை விழுங்கிவிடும். ஒரு வாடிக்கையாளரின் விலைப்பட்டியல் இன்னொருவரின் கடிதத்துக்குப் பின்புறமாகப் போய்ச் சேரும் சங்கடமும் உண்டு. அத்தாள்களை நான்காக வெட்டிக் குறிப்புச் சீட்டாக்கி, அலுவலகத்துக்குள்ளேயே பயன்படுத்துங்கள்.

லேசர் பிரிண்டரின் மைத்தூளான டோனர் வரும் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் பக்கக் கணக்கு, ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே மை படியும் என்ற அடிப்படையில் சொல்லப்படுவது. தலைப்பில் அடர்நீலப் பட்டை வைத்த லெட்டர்ஹெட்டை நாள்தோறும் பிரிண்டரிலேயே எடுத்தால் அந்தக் கணக்கு எப்படி நிற்கும்? பட்டையை நீக்குங்கள், அல்லது லெட்டர்ஹெட்டை அச்சகத்தில் மொத்தமாக அடித்து வாங்குங்கள். உள்ளக நகல்களுக்கு, மையைக் குறைத்து அச்சடிக்கும் டோனர் சேவ் அமைப்பு போதும். டோனர் குறைவு என்று எச்சரிக்கை வந்தவுடன் கார்ட்ரிட்ஜைத் தூக்கி எறியாமல், வெளியே எடுத்து இடவலமாக மெல்ல அசைத்துப் பொருத்தினால் மேலும் சில பக்கங்கள் தெளிவாக வரும். இங்க்ஜெட் வைத்திருப்போர் அதன் பொத்தானில் அணைக்காமல் சுவர் ஸ்விட்சில் அணைத்தால், மை தெளிக்கும் ஹெட் மூடப்படாமல் மை காய்ந்து, பிறகு அதைச் சுத்தம் செய்வதிலேயே மை வீணாகும்.

கடற்காற்று வீசும் ராயபுரம், காசிமேடு பக்கத்து அலுவலகங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 500 தாள் கொண்ட ரீமைப் பிரித்து வெறுமனே வைத்தால், தாள் ஈரம் உறிஞ்சிச் சுருண்டு பிரிண்டரில் சிக்கும். தட்டில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வைத்து, மீதியை உறையோடு மூடி, தரையில் படாமல் அலமாரியில் வையுங்கள்.