கியர் பாக்ஸ் ஸ்பீடு சென்சாரை நாமே மாற்றுவது எப்படி?

ஓட்டும்போது ஸ்பீடாமீட்டர் முள் திடீரென்று பூஜ்யத்தில் விழுகிறதா? கிலோமீட்டர் ஏறவில்லையா? காரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் கருவி பி0500 (ஸ்பீடு சென்சார் சிக்னல் கோளாறு) என்று காட்டுகிறதா? அப்படியென்றால் கியர் பாக்ஸில் செருகியிருக்கும் ஸ்பீடு சென்சாரைப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல புது கார்களில் இது கிடையாது, வேகம் சக்கர சென்சாரிலிருந்தே வரும். உங்கள் மாடலில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்சார் வாங்க ஓடாதீர்கள். முதலில் வயரைப் பாருங்கள். நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டுத் தண்ணீரும் டிராக்டர் இழுத்துவிட்ட வயல் சேறும் வண்டி அடியில் அப்பிக்கொள்ளும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று வேறு. அறுவடை முடிந்தால் வயல் எலி வீட்டுக்கு வரும், பானெட்டுக்குள்ளும் வரும். சென்சாரில் வயர் சேரும் கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள்: உலோகப் பின்னில் பச்சையாகப் பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்பைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து, உலரவிட்டு, திரும்ப மாட்டி ஓட்டிப் பாருங்கள். வயரை எலி கடித்திருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். இதிலேயே வேலை முடிந்துவிட்டால் சென்சார் காசு மிச்சம்.

அதற்கும் சரியாகவில்லையா? மாற்றிவிடலாம். வண்டியை சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். களிமண் தரையில் ஜாக்கி புதைந்து சாயும், அங்கே வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஆறட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். அடியில் போக வேண்டியிருந்தால் வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் உள்ளே போகக் கூடாது.

அடுத்து, சென்சாரைச் சுற்றியுள்ள சேற்றை பிரஷ்ஷால் சுத்தமாகத் தட்டுங்கள். இதில் சோம்பல் படாதீர்கள். சென்சார் வெளியே வந்ததும் அந்த ஓட்டை நேரே கியர் பாக்ஸுக்குள் திறக்கும், ஒரு சிட்டிகை மணல்கூட விழக் கூடாது.

கனெக்டர் லாக்கை அமுக்கி இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பெரும்பாலும் ஒரே போல்ட்தான், 10 எம்எம் ஸ்பேனர் போதும். சென்சாரை இடமும் வலமுமாகத் திருகியபடி மெதுவாக உருவுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். கொஞ்சம் ஆயில் வடியலாம், துணி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஓ-ரிங் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கூடவே வந்ததா, ஓட்டையில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், கனெக்டர் பின்கள், பல் சக்கரம் இருந்தால் பல் எண்ணிக்கை எல்லாம் ஒப்பிடுங்கள். பல் மாறினால் மீட்டர் தப்பாகக் காட்டும்.

புது ஓ-ரிங்கில் கியர் ஆயில் தடவி, கையால் அழுத்தி உட்கார வையுங்கள். போல்ட்டைக் கையாலேயே சில சுற்று ஏற்றிய பிறகு ஸ்பேனர் போடுங்கள். கியர் பாக்ஸ் உடம்பு அலுமினியம், பலம் காட்டினால் மரை போய்விடும். கனெக்டர் ‘கிளிக்’ என்று உட்கார வேண்டும்.

பேட்டரியை மாட்டி, ஸ்கேனரில் அந்தக் கோளாறுக் குறியீட்டை அழித்து, நெரிசல் இல்லாத ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். முள் சீராக ஏறி இறங்கினால் சரி. திரும்பி வந்ததும் சென்சார் அடியில் ஆயில் கசிகிறதா பாருங்கள், மறுநாள் காலையிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.