மலைநாட்டு வீதியில் காரின் ஆர்முடுகலை அளப்பது எப்படி?

ஆர்முடுகல் என்பது வேகம் கூடும் வீதம். வேகமானி முள்ளையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சொல்லும் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. முள் பெரும்பாலும் உண்மை வேகத்தைவிடக் கூட்டியே காட்டும். உள்ளங்கையில் அடங்கும் செய்மதிக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்துவது டிராகி. செக்கனுக்குப் பத்துத் தடவை வேகத்தைப் பதிந்து, புளூடூத் வழியாகக் கைபேசிக்கு அனுப்பும். கைபேசியின் சொந்த ஜிபிஎஸ் பொதுவாகச் செக்கனுக்கு ஒரு தடவைதான் பதியும். 60 கிலோமீற்றர் வேகத்தில் அதற்குள் கார் 17 மீற்றர் ஓடிவிடும். கைபேசியின் ஆர்முடுகல் உணரியை நம்பும் செயலிகளைத் தொடவே வேண்டாம். புறப்படும்போது காரின் மூக்கு ஒரு பாகை உயர்ந்தாலே, இல்லாத 0.17 மீ/செ² கணக்கில் ஏறிவிடும்.

கருவியை முன்கண்ணாடிக்கு அருகில் அசையாமல் ஒட்டுங்கள். செயலியில் முதல் ஓர் அடியைக் கணக்கில் சேர்க்காத ‘ரோல்அவுட்’ வசதி இருக்கும், அணைத்துவிடுங்கள். அது அமெரிக்கப் பந்தயத் திடல்களின் வழக்கம், நமக்கு எதற்கு? மூடுபனி செய்மதிச் சமிக்ஞையைத் தடுக்காது. மலைச்சுவரும் அடர்ந்த யூக்கலிப்டஸ் தோப்பும்தான் தடுக்கும். எனவே அம்பேவலைப் புல்வெளிப் பக்கம் போல வானம் திறந்திருக்கும் இடம் தேடுங்கள். நகருக்கு வெளியே கார்களுக்கான உச்ச வேகம் 70. ஆகவே 0–60, அதாவது நின்ற நிலையிலிருந்து 60 கிலோமீற்றர் வேகத்தை எட்டும் நேரம், போதும். பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கும் நேரத்திலும் கொழுந்து லொறி வரும் நேரத்திலும் வேண்டாம். திரையைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

இனிதான் சிக்கல். எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான். நம் பக்கத்தில் கண்ணுக்குச் சமமாகத் தெரியும் வீதி உண்மையில் சமமாக இருப்பதில்லை. நூறு மீற்றருக்கு இரண்டு மீற்றர் ஏறினால், புவியீர்ப்பு காரின் ஆர்முடுகலில் ஏறத்தாழ 0.2 மீ/செ² ஐப் பிடித்து இழுக்கும். சமதரையில் 8 செக்கன் எடுக்கும் கார் ஏற்றத்தில் 8.8, இறக்கத்தில் 7.3 காட்டும். கருவி சாய்வையும் காட்டும்தான். ஆனால் செய்மதி தரும் உயரம் அதன் வேகக் கணிப்பளவு துல்லியமானதல்ல. அதனால் அதே துண்டில் இரு திசையிலும் ஓட்டுங்கள். இரண்டு நேரங்களையும் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள், 8.1 வரும். அவற்றைப் பெருக்கி, இரண்டால் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் 8.0 கிடைக்கும். வித்தியாசம் சிறிதுதான், சரிவு கூடக்கூட அதுவும் பெரிதாகும்.

வலு தெரிய வேண்டுமா? திணிவு, ஆர்முடுகல், வேகம் மூன்றையும் பெருக்குங்கள். ஓட்டுநரோடு 900 கிலோ உள்ள கார் 50 கிலோமீற்றர் வேகத்தில் 2 மீ/செ² காட்டினால், அதை முன்தள்ளுவதற்கு மட்டும் 25 கிலோவாற்று செலவாகிறது. காற்றுத்தடை இதில் சேராது.

விளம்பரத் தாளில் உள்ள எண் வரவில்லையே என்று கராஜுக்கு ஓடாதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்குதான். டர்போ இல்லாத பெற்றோல் இயந்திரத்தின் வலுவும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும்.

பின்சேர்க்கை: தம் ஹைபிரிட் கார் ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டுவதாக ஹட்டன் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மின்கலத்தைப் பாருங்கள். நீண்ட ஏற்றம் ஏறி வந்த கையோடு அளந்தால் அது வற்றியிருக்கும்; இறங்கி வந்தால் நிறைந்திருக்கும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்பு திரையில் அதன் கோடுகள் ஒரே அளவில் இருக்கும்வரை காத்திருங்கள்.