இலக்கிய முகவருக்கு எழுதும் முதல் கடிதம்

தமிழில் நாவல் எழுதுகிறவர்கள் பிரதியை நேரே பதிப்பாளருக்கு அனுப்பிவிடுகிறோம். புத்தகக் கண்காட்சியில் பதிப்பாளரைச் சந்தித்துக் கையில் கொடுப்பதும் உண்டு. மூத்த எழுத்தாளர் ஒருவர் நமக்காக ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் உண்டு. எழுதுகிறவருக்கும் பதிப்பாளருக்கும் நடுவே முகவர் என்று ஒருவர் இருப்பது அரிது. ஆனால் சென்னையிலோ கொழும்பிலோ டொரன்டோவிலோ இருந்துகொண்டு ஆங்கிலத்தில் நாவல் எழுதி, அதை நியூயார்க்கிலோ லண்டனிலோ வெளியிட நினைக்கும் தமிழருக்கு இந்த வழி பயன்படாது. பெங்குயின் ரேண்டம் ஹவுஸ், ஹார்பர்காலின்ஸ், சைமன் அண்டு ஷுஸ்டர், ஹஷெட், மேக்மில்லன் ஆகிய ஐந்து பெரிய நிறுவனங்களின் பெரும்பாலான பிரிவுகள் முகவர் வழியாக வரும் பிரதிகளை மட்டுமே படிக்கின்றன. அந்த முகவரை அணுகுவதற்கு எழுதும் ஒரு பக்கக் கடிதத்துக்குத்தான் ‘குவரி லெட்டர்’ என்று பெயர்.

இந்த முகவர் தொழில் 1870களில் லண்டனில் ஏ. பி. வாட் என்பவரால் தொடங்கப்பட்டது. எழுத்தாளருக்கு வரும் பணத்தில் நூற்றுக்குப் பத்து என்பதுதான் அவர் வாங்கிய கமிஷன். இன்று உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதமும், வெளிநாட்டு உரிமைக்கும் மொழிபெயர்ப்பு உரிமைக்கும் பெரும்பாலும் 20 சதவீதமும் எடுத்துக்கொள்கிறார்கள். புத்தகம் விற்றால்தான் முகவருக்கு வருமானம் என்பதைக் கடிதம் எழுதும்போது மறக்கக் கூடாது. ‘இதை என்னால் ஒரு பதிப்பாசிரியரிடம் விற்க முடியுமா’ என்ற கேள்வியோடுதான் அவர் நம் கடிதத்தைத் திறக்கிறார்.

நாவல் என்றால் அது முழுவதும் எழுதி முடித்து, குறைந்தது இரண்டு முறையாவது திருத்தப்பட்டிருக்க வேண்டும். பாதி எழுதிய நாவலுக்குக் கடிதம் அனுப்பி, முகவர் முழுப் பிரதியைக் கேட்டுவிட்டால், அந்த வாய்ப்பு அத்தோடு போய்விடும். கட்டுரை நூல், வரலாற்று நூல் போன்றவற்றுக்கு மட்டும் முழு நூலுக்குப் பதிலாக ஒரு திட்ட முன்வரைவும் மாதிரி அத்தியாயங்களும் போதும். தன்வரலாற்றைப் பெரும்பாலான முகவர்கள் நாவலைப் போலவே முழுதாக எதிர்பார்க்கிறார்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதை முடிவு செய்ய நான் கண்ட சிறந்த வழி, நம் நூலுக்கு நெருக்கமான புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் நன்றியுரையைப் படிப்பது. எழுத்தாளர்கள் அங்கே தங்கள் முகவருக்குப் பெயர் சொல்லி நன்றி கூறியிருப்பார்கள். அதன் பிறகு குவரி டிராக்கர், மேனுஸ்கிரிப்ட் விஷ் லிஸ்ட் ஆகிய தளங்களில் அவர் இப்போது எந்த வகை நூல்களைத் தேடுகிறார், புதியவர்களிடமிருந்து பிரதி வாங்குகிறாரா என்று பார்க்கலாம். இறுதியாக அவருடைய நிறுவனத்தின் தளத்துக்கே போய், அனுப்பும் முறையை வரி விடாமல் படிக்க வேண்டும். இந்தியாவிலும் ஜாகரண்டா, சியாஹி, ரைட்டர்ஸ் சைடு போன்ற முகவர் நிறுவனங்கள் இருக்கின்றன. இந்திய வாசகர்களை முதன்மையாக மனத்தில் வைத்து எழுதிய நூலுக்கு அவர்களிடமிருந்து தொடங்குவதுதான் பொருத்தம்.

கடிதத்தின் நீளம் ஆங்கிலத்தில் 250 முதல் 400 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் கதையைச் சொல்லும் பத்திக்குப் போக வேண்டும். தமிழ் எழுத்தாளர்கள் இடறும் இடமும் அதுதான். அணிந்துரையும் முன்னுரையும் படித்து வளர்ந்தவர்கள் நாம்; ஒரு நூலை அறிமுகம் செய்யச் சொன்னால், கதையை விட்டுவிட்டு அதன் கருப்பொருளைப் புகழத் தொடங்கிவிடுகிறோம். என்னுடைய முதல் கடிதமும் அப்படித்தான் இருந்தது. அதை ஒரே வாரத்தில் முப்பது பேருக்கு அனுப்பினேன். ஒருவர்கூடப் பிரதியைக் கேட்கவில்லை. பிழை எங்கே என்று புரிந்தபோது, என் வகை நாவலுக்குப் பொருத்தமான முகவர்களில் பெரும்பாலானவர்களிடம் மறுப்பு வாங்கிவிட்டிருந்தேன்.

ஒரு கற்பனை நாவலை வைத்து இதைக் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய பத்தியை விளக்கத்துக்காகத் தமிழில் தருகிறேன். நாவலின் பெயர் ‘ஐப்பசிக்கு முன்’ என்று இருக்கட்டும். அணிந்துரைப் பழக்கத்தில் எழுதினால் அது இப்படி வரும்:

“கடலோர உழைக்கும் மக்களின் கண்ணீர்க் கதை இது. தலைமுறைகளாகச் சுரண்டப்படும் ஒரு சமூகத்தின் வலியையும், ஒரு பெண்ணின் மன உறுதியையும் இந்நாவல் உயிரோட்டத்துடன் சித்திரிக்கிறது. வாசகரின் மனசாட்சியை உலுக்கும் படைப்பு இது.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த மூன்று வாக்கியங்களை நூறு நாவல்களுக்குப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டலாம். முகவருக்கு இதிலிருந்து யார், எங்கே, என்ன நடக்கிறது என்று எதுவுமே தெரியவில்லை. அதே நாவலை இப்படியும் சொல்லலாம்:

“பதினான்கு வயதிலிருந்து தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் செல்லக்கனிக்கு முப்பத்தெட்டு வயதில் பார்வை மங்கத் தொடங்குகிறது. அது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்; மழை இறங்கி அளத்து வேலை நிற்பதற்குள் மகளின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய் சேர்த்தாக வேண்டும். அளத்துக் கணக்குப்பிள்ளை கூலியைக் குறைத்து எழுதிவருவதைக் கண்டுபிடித்த தொழிலாளர்கள், புகார் கொடுக்க அவளைச் சாட்சியாக அழைக்கிறார்கள். ஆனால் அவள் கண் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கணக்குப்பிள்ளைதான். சாட்சி சொன்னால் மகளின் படிப்பு நின்றுவிடும். சொல்லாவிட்டால், அதே அளத்தில் கூலியை இழந்துகொண்டிருக்கும் தங்கையின் முகத்தில் அவளால் இனி விழிக்க முடியாது.”

இந்தப் பத்தியில் சுரண்டல் என்ற சொல்லே இல்லை, ஆனால் சுரண்டல் தெரிகிறது. மன உறுதி என்று சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு அது தேவைப்படும் என்று படிக்கிறவருக்கே தோன்றிவிடுகிறது. நாயகி யார், அவளுக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போனாலும் எதை இழப்பாள் என்ற நான்குக்கும் இங்கே விடை இருக்கிறது. நாற்பதாயிரம் என்ற தொகையும் மழை என்ற கெடுவும் அந்தச் சிக்கலுக்கு எடை கொடுக்கின்றன. உங்கள் பத்தியிலும் இப்படி எண்ணிப் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

இன்னும் சில நுட்பங்களைக் கவனியுங்கள். பத்தியில் பெயர் சொல்லப்பட்டவள் செல்லக்கனி ஒருத்திதான். மற்றவர்கள் உறவாலும் தொழிலாலும் குறிக்கப்படுகிறார்கள். நம் பெயர்கள் அயல்நாட்டு வாசகருக்குப் புதியவை என்பதால், ஒரே பத்தியில் ஐந்து பெயர்கள் வந்தால் அவர் வழி தவறிவிடுவார். நாவல் ‘நான்’ என்று தன்மையில் எழுதப்பட்டிருந்தாலும், கடிதத்தில் கதையைப் படர்க்கையிலும் நிகழ்காலத்திலும் சொல்வதே மரபு. நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் பாதி, அந்த அளவுக்குள் நடப்பதை மட்டும் சொல்லி, நாயகி முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிட வேண்டும். முடிவைச் சொல்ல வேண்டிய இடம் வேறு: ஒன்றிரண்டு பக்கங்களில் தனியாகக் கேட்கப்படும் கதைச்சுருக்கத்தில் கடைசித் திருப்பம் வரை மறைக்காமல் எழுத வேண்டும்.

கதைப் பத்திக்கு முன்போ பின்போ நூலின் அடிப்படை விவரங்கள் ஒரு வாக்கியத்தில் வர வேண்டும்: தலைப்பு, வகைமை, சொல் எண்ணிக்கை. பெரியவர்களுக்கான நாவலுக்கு 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை இருப்பது பாதுகாப்பான அளவு. மிகைப்புனைவுக்கும் அறிவியல் புனைவுக்கும் இன்னும் சற்றுக் கூடலாம். ஒன்றே முக்கால் லட்சம் சொற்கள் என்று எழுதினால், கதையைப் படிக்கும் முன்பே பலர் மூடிவிடுவார்கள். அந்த நிலையில் கடிதத்தை அல்ல, நாவலைத்தான் திருத்த வேண்டும். எண்ணை ஆயிரங்களுக்கு முழுமையாக்கி எழுதுங்கள். காற்புள்ளியையும் அவர்கள் முறையில், மூன்று இலக்கத்துக்கு ஒன்றாக இடுங்கள். லட்சக் கணக்கில் இட்ட காற்புள்ளி அங்குள்ளவர் கண்ணுக்குத் தட்டச்சுப் பிழையாகவே தெரியும்.

ஒப்பீட்டு நூல்கள் இரண்டைச் சொல்வதும் வழக்கம். ‘காம்ப்ஸ்’ என்று இவற்றை அழைப்பார்கள். உங்கள் நூலை வாங்கக்கூடியவர்கள் ஏற்கெனவே எதை வாங்கினார்கள் என்று காட்டுவதுதான் இதன் பயன். ஆகவே, கடந்த ஐந்தாண்டுகளுக்குள் வந்த, அதே வகைமையைச் சேர்ந்த நூல்களாக அவை இருக்க வேண்டும். நோபல் பரிசு பெற்றவரின் நூலோடும், கோடிக்கணக்கில் விற்ற நூலோடும் ஒப்பிட்டால் முகவருக்கு அதனால் எதுவும் விளங்காது. எந்த வகையில் ஒப்புமை என்பதையும் அரை வாக்கியத்தில் சொல்லுங்கள்: ஒன்றின் குடும்பச் சூழல், மற்றொன்றின் கதைசொல்லும் குரல் என்பது போல. படிக்காத நூலை ஒருபோதும் குறிப்பிடாதீர்கள்.

தன்னறிமுகத்துக்கு மூன்று வாக்கியங்கள் போதும். தமிழில் ஏற்கெனவே நூல் வெளியிட்டிருந்தால், பதிப்பகத்தின் பெயரும் ஆண்டும் சேர்த்துத் தயங்காமல் சொல்லுங்கள்; அது வேறு மொழி என்பதால் கணக்கில் வராது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அது தவறு. உப்பளத் தொழிலாளர்களிடையே பணியாற்றியவர் உப்பளம் பற்றி எழுதியிருந்தால் அதைச் சொல்லலாம். பட்டங்கள், கல்லூரிக் காலப் பரிசுகள், நண்பர்கள் பாராட்டியது ஆகியவை வேண்டாம். சொல்ல எதுவும் இல்லையென்றால், எங்கே வசிக்கிறேன், இது என் முதல் நாவல் என்பதோடு நிறுத்திவிடலாம். அவையடக்கம் நம் இலக்கியத்தில் அழகான மரபுதான். ஆனால் ‘என் எளிய முயற்சியைப் பொறுத்தருள்க’ என்ற தொனியும், ஆங்கிலம் என் தாய்மொழியல்ல என்ற மன்னிப்பும் இந்தக் கடிதத்தில் நம்பிக்கைக் குறைவாகவே வாசிக்கப்படும்.

அதேபோல், அலுவலகக் கடிதங்களில் பழகிய ‘ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்’, ‘யுவர் குட் செல்ஃப்’, ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ‘டியர்’ என்று தொடங்கி முகவரின் பெயரைச் சரியான எழுத்துக்கூட்டலுடன் எழுதுவதே போதுமான மரியாதை. ஆணா பெண்ணா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் முழுப்பெயரை எழுதலாம். அவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு உண்மையான காரணம் இருந்தால் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நேரே கதைக்குப் போய்விடலாம்.

அனுப்பும்போது அமெரிக்க நிறுவனங்கள் பல இணைப்புக் கோப்புகளைத் திறப்பதில்லை. முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கங்களைக் கடிதத்தின் கீழேயே ஒட்டச் சொல்வார்கள், அல்லது குவரி மேனேஜர் என்ற இணையப் படிவத்தில் நிரப்பச் சொல்வார்கள். பிரிட்டனில் கடிதத்தோடு கதைச்சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் கேட்பது பொதுவான வழக்கம். ஒரே நேரத்தில் பல முகவர்களுக்கு அனுப்புவதில் தவறில்லை, அது எல்லாருக்கும் தெரிந்த நடைமுறைதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சலாகப் போக வேண்டும்; ஒரே நிறுவனத்தில் இருவருக்கு ஒரே சமயத்தில் அனுப்பக் கூடாது. ஆறு முதல் எட்டுப் பேர் வரை ஒரு சுற்றுக்கு அனுப்பி, யாருக்கு எந்தத் தேதியில் போனது என்பதை ஓர் அட்டவணையில் குறித்துவையுங்கள். பதில் வர எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். பதிலே வராவிட்டால் மறுப்பு என்று பொருள் கொள்ளச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு.

முதல் சுற்றில் யாரும் பிரதியைக் கேட்கவில்லை என்றால், கடிதத்தையோ முதல் சில பக்கங்களையோ திருத்த வேண்டும். முழுப் பிரதியைக் கேட்டுப் படித்துவிட்டுப் பலர் மறுத்தால், கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது. நாவலைத்தான் மீண்டும் பார்க்க வேண்டும். முப்பது பேருக்கும் ஒரே வாரத்தில் அனுப்பாமல் சுற்றுச் சுற்றாக அனுப்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பணம் கேட்கும் முகவரிடம் போகாதீர்கள். படிப்பதற்குக் கட்டணம், பதிவுக் கட்டணம், அவர் சொல்லும் எடிட்டருக்குக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். புத்தகம் போட எழுத்தாளரே பணம் கொடுப்பது நம் ஊரில் பலருக்குப் பழகிப்போனதால், இதில் ஏமாறுவது நமக்கு எளிது. அமெரிக்காவின் முகவர் சங்கம் தன் உறுப்பினர்கள் படிப்புக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்திருக்கிறது. சந்தேகம் வந்தால் ‘ரைட்டர் பிவேர்’ தளத்தில் தேடிப் பாருங்கள்.

ஒரு முகவர் உங்களை ஏற்பதாகச் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிட வேண்டாம். பிரதி இன்னும் கையில் இருக்கும் மற்ற முகவர்களுக்கு அதைத் தெரிவித்து, இரண்டு வார அவகாசம் கொடுப்பது முறை. அந்த இடைவெளியில் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள்: கமிஷன் எத்தனை சதவீதம், இந்தியத் துணைக்கண்ட உரிமையையும் மொழிபெயர்ப்பு உரிமையையும் யார் விற்பார்கள், ஒத்துவராவிட்டால் எத்தனை நாள் அறிவிப்பில் விலகலாம் என்ற மூன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பு உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ள விரும்பினால், கையெழுத்துக்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.