கடற்சிப்பிகளை ஓட்டின் உட்புறம் பார்த்து வகைப்படுத்துவது எப்படி?

கரையில் ஒதுங்கும் மட்டி, சிப்பி ஓடுகளைச் சேகரிப்பவர்கள் தொடக்கத்தில் அவற்றை நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே பிரிக்கிறார்கள். அப்படிப் பிரித்தால் உறவே இல்லாதவை ஒரே பெட்டிக்குள் சேர்ந்துவிடும். பாறையில் ஒட்டி வாழ்ந்தது முரடாகவும் கோணலாகவும் இருக்கும். மணலுக்குள் புதைந்து நகர்ந்தது வழவழப்பாக இருக்கும். வெளித்தோற்றத்திலிருந்து அந்த விலங்கு வாழ்ந்த விதத்தை அறியலாம். அதன் உறவுமுறையை அறிய ஓட்டைத் திருப்பி உட்புறத்தைப் பார்க்க வேண்டும். கடலில் மட்டும் ஏறத்தாழ 8,000 இனங்கள் உள்ள இந்த இரட்டை ஓட்டு மெல்லுடலிகளை துணைவகுப்பு, குடும்பம் என்ற அளவுக்கு இனங்காணும் முறை இங்கே தரப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழகக் கடற்கரையில் கிடைப்பவை.

தேவைப்படும் கருவிகள் குறைவு: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்சு, மென்மையான பல் துலக்கி, நல்ல தண்ணீர், பக்கவாட்டில் விழும் வெளிச்சம். ஓட்டைப் பளபளப்பாக்க அமிலம் தடவும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது என்பதால், நாம் பார்க்க வேண்டிய நுண்ணிய பற்களே அதில் கரைந்து மழுங்கிவிடும். உயிரற்ற ஓடுகளை மட்டுமே எடுக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவில் எதையும் சேகரிக்கக்கூடாது. லட்சத்தீவுப் பவளத்திட்டுகளில் வாழும் ராட்சதச் சிப்பிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை.

முதலில், கையில் இருப்பது இரட்டை ஓட்டு மெல்லுடலிகளின் வகுப்பைச் சேர்ந்ததுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். லிங்குலா போன்ற கைக்காலிகளுக்கும் இரண்டு ஓடுகள் உண்டு; ஆனால் அவை மெல்லுடலிகளே அல்ல. கைக்காலியில் ஒவ்வொரு ஓட்டையும் நெடுக்காக நடுவில் பிரித்தால் இரு பாதிகளும் ஒத்திருக்கும். மட்டியில் சமச்சீர்த் தளம் இரண்டு ஓடுகளுக்கும் இடையே செல்வதால், பொதுவாக இடது ஓடும் வலது ஓடும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். தனி ஓட்டின் முன்பாதியும் பின்பாதியும் ஒத்திருப்பது அரிது. ஒட்டிக்கொண்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்தோ வாழும் சிப்பிகளில் இந்த விதி குலைந்துபோவதால், அவற்றுக்கு அடுத்த அடையாளங்களைத்தான் நம்ப வேண்டும்.

இனி ஓட்டின் உட்புறம் நம்மை நோக்கியும், இரு ஓடுகளும் இணையும் விளிம்பான கீல் மேலேயும் இருக்குமாறு பிடித்து, சாய்ந்த வெளிச்சத்தில் கீலின் பற்களைப் பார்க்க வேண்டும். மிகுந்த நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. எடுத்துக்காட்டாக, வெளிப்புறத்தில் தடித்த வரிமேடுகள் கொண்ட, ஏறத்தாழ இதய வடிவிலான இரண்டு ஓடுகள் கிடைத்தால் அவை நெருங்கிய உறவினர் என்றே தோன்றும். ஒன்றில் கீல் நேர்க்கோடாக இருந்து, அதன்மேல் சீப்பின் பற்களைப் போல் ஒரே மாதிரியான சிறு பற்கள் இடைவெளியின்றி வரிசையாக இருந்தால், அது ஆர்சிடே குடும்பம். காக்கிநாடா விரிகுடாவில் மிகுதியாகக் கிடைக்கும், ஹீமோகுளோபினால் குருதி சிவந்த டெகிலார்கா கிரானோசா இதைச் சேர்ந்தது. மற்றொன்றில் கீல் வளைந்து, உச்சிக்கு, அதாவது ஓடு வளரத் தொடங்கிய முனைக்கு, கீழே ஓரிரு பற்களும் அவற்றுக்கு இருபுறமும் தள்ளிப் பக்கப்பற்களும் இருந்தால், அது கார்டிடே குடும்பம். இவ்விரண்டும் வெவ்வேறு துணைவகுப்புகளில் வருபவை. முன்பு தனிக் குடும்பமாக எண்ணப்பட்ட ராட்சதச் சிப்பிகள் இன்று இந்தக் கார்டிடேயின் உட்பிரிவாகவே வைக்கப்படுகின்றன.

கழிமுகங்களில் பொறுக்கப்படும் மெரிட்ரிக்ஸ் மட்டியில் உச்சிக்குக் கீழே ஒவ்வொரு ஓட்டிலும் மூன்று பற்கள் விரிந்து நிற்கும். இது வெனரிடே குடும்பத்தின் அடையாளம். இடது ஓட்டில் தலைகீழ் ‘வி’ வடிவப் பல்லும், அதன் அருகே இரு ஓடுகளையும் இணைக்கும் பிணைநார் அமரும் கரண்டி போன்ற குழியும் இருந்தால் மாக்ட்ரிடே என்று கொள்ளலாம். பச்சை நிறப் பெர்னா விரிடிஸில் கூரிய முனையில் இடது ஓட்டில் இரண்டும் வலது ஓட்டில் ஒன்றுமாகச் சிறு பற்கள் உண்டு. முள் நிறைந்த ஸ்பாண்டிலஸில் இரண்டு பெரிய பற்கள் எதிர் ஓட்டின் குழிகளில் இறுகப் பூட்டிக்கொள்வதால், செத்த பிறகும் இரு ஓடுகளும் எளிதில் பிரிவதில்லை.

பற்களை மட்டும் பார்த்து முடிவு கட்டவும் கூடாது. சேற்றில் வாழும் நியூகுலிடே குடும்பத்தின் ஓட்டிலும் சிறு பற்கள் வரிசையாகவே இருக்கும். ஆனால் அந்த வரிசை உச்சிக்குக் கீழே மடங்கி, நடுவில் பிணைநார்க் குழியால் அறுபடுகிறது. உட்புறம் முத்துப் பளபளப்பு உடைய இச்சிறிய ஓடு, ஆர்சிடேக்குத் தொலைவான, மிகப் பழைய கிளையான புரோட்டோபிராங்கியாவைச் சேர்ந்தது.

அடுத்து தசைத் தழும்புகளை எண்ண வேண்டும். ஓட்டை மூடும் தசைகள் ஒட்டியிருந்த இடங்கள் உட்புறத்தில் மங்கிய வட்டங்களாகத் தெரியும். முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே அளவில் இரண்டு இருந்தால், புதைந்து வாழும் மட்டிகளின் பக்கம் தேடலாம். நடுவையொட்டி ஒரே தழும்பு மட்டும் இருந்தால் பாறைச்சிப்பி, முத்துச்சிப்பி, விசிறிச்சிப்பி ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். பாறைச்சிப்பி தன் இடது ஓட்டால் பாறையில் ஒட்டும். ஸ்பாண்டிலஸ் வலது ஓட்டால் ஒட்டும். தூத்துக்குடிக் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில் வாழ்ந்த முத்துச்சிப்பியோ ஒட்டுவதே இல்லை, நூலிழைகளால் பற்றிக்கொள்கிறது. அந்த இழைகள் வெளிவரும் பிளவை வலது ஓட்டில் கீலின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காது போன்ற பகுதிக்குக் கீழே காணலாம்.

இரண்டு தழும்புகளையும் இணைத்து ஓரத்துக்கு இணையாக ஓடும் மெல்லிய கோடு, உடலை மூடும் மேன்டில் படலம் ஒட்டியிருந்த இடம். அந்தக் கோடு பின்பக்கத்தில் உள்நோக்கி வளைந்திருந்தால், நீரை உள்ளே இழுக்கவும் வெளியேற்றவும் பயன்படும் நீர்க்குழல்களை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் விலங்கு அது. டெல்லினிடே, டோனாசிடே குடும்பங்களின் ஓடுகளில் வளைவு ஆழமாகவும், மெரிட்ரிக்ஸில் ஆழமின்றியும் இருக்கும். வளைவு வலப்பக்கம் அமைந்தால் கையில் இருப்பது வலது ஓடு, இடப்பக்கம் அமைந்தால் இடது ஓடு. வளைவு இல்லாவிட்டால் மேலோட்டமாக வாழ்ந்தது என்று உடனே முடிவு செய்யக்கூடாது. லூசினிடே குடும்பத்தினர் ஆழப் புதைந்து, காலால் மண்ணில் குழாய் அமைத்து நீரை உள்ளே கொண்டுவருவதால், அவற்றின் கோட்டில் வளைவு இராது. அவற்றின் முன்தழும்பு நீண்டு ஒடுங்கியிருப்பதே காட்டிக்கொடுக்கும் குறி.

இவ்வளவும் பார்த்த பிறகே துணைவகுப்பை எழுத வேண்டும். ஆர்சிடே, பெர்னா, முத்துச்சிப்பி, பாறைச்சிப்பி, விசிறிச்சிப்பி ஆகியவை டெரியோமார்பியா. கார்டிடே, வெனரிடே, டெல்லினிடே போன்றவை ஹெட்டிரோடோன்டா. மரத்தைக் குடைந்து வள்ளங்களைப் பாழாக்கும் கப்பல் புழுவும் பின்னதில்தான் சேரும். புழுவெனத் தோன்றும் உடலின் முன்முனையில் இரு சிறு ஓடுகள் உள்ளன. செவுள்களை மட்டும் அல்லது கீலை மட்டும் கொண்டு அமைத்த பழைய பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. மரபணு ஆய்வுகள் வந்தபின் பல குடும்பங்கள் இடம் மாறின. ஆகவே பழைய நூலில் காணும் பெயரைக் கடல் உயிரினங்களின் உலகப் பதிவேட்டில் தேடி, இன்று ஏற்கப்பட்ட பெயரைச் சரிபார்ப்பது அவசியம். சிற்றினப் பெயருக்குப் பின் பெயரிட்டவரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், பின்னாளில் அந்த இனம் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது என்று பொருள். லின்னேயஸ் 1758-இல் ஆர்கா கிரானோசா என்று பெயரிட்டது பின்னர் அனடாரா ஆகி, இன்று டெகிலார்காவாக இருக்கிறது.

கடைசியாக, ஓட்டுடன் ஒரு சீட்டு வைக்க வேண்டும். இடம், நாள், மணலா பாறையா சேறா என்பது, வலது ஓடா இடது ஓடா என்பது, பார்த்த பற்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். மை ஈரத்தில் கலைந்துவிடும். சிற்றினம் உறுதியாகாவிட்டால் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே முறை.