பார்படோஸ் கடற்கரை விடுமுறை: முதல் தடவை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

2024 ஜூன் 29 அன்று பார்படோஸின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்றது. அடுத்து நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பெரில் புயல் நெருங்கியதால் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சில நாள் ஹோட்டலிலேயே தங்க வேண்டியதாயிற்று நம் அணி. அதனால்தான் ஹோட்டல் விலையைப் பார்ப்பதற்கு முன் காலண்டரை எடுங்கள் என்கிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

அங்கே புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. டிசம்பரிலிருந்து மே வரை மழை குறைவு. ஆனால் கிறிஸ்துமஸிலிருந்து ஈஸ்டர் வரை அறை வாடகை உச்சத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் ஈஸ்டர் கூட்டம் கலைந்த பிறகு, மே முடிவதற்குள் போய் வருவது நல்லது.

படி 2: எந்தக் கரையில் தங்குவது?

எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். தீவின் மொத்த நீளமே 34 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு பக்கம் கரீபியன் கடல், மறுபக்கம் அட்லாண்டிக். இரண்டுக்கும் சுபாவமே வேறு.

மேற்குக் கரையில் தண்ணீர் பெரும்பாலும் அலையடங்கிக் கிடக்கும். ஹோல்டவுன், பெய்ன்ஸ் பே எல்லாம் இந்தப் பக்கம். நீச்சல் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது, ஆனால் தீவிலேயே விலை கூடிய பகுதியும் இதுதான். கிழக்கே பாத்ஷீபாவில் பெரும் பாறைகளும் ஆளுயர அலைகளுமாக, பார்க்கக் கண் கொள்ளாது. அங்கே நீரோட்டம் பலமானது. அலைச்சறுக்கு வீரர்களுக்கான இடம் அது. நீங்கள் கரையிலிருந்து ரசித்துவிட்டு வாருங்கள், குளிக்க இறங்காதீர்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்குத் தெற்குக் கரையைத்தான் சொல்வேன். ராக்லி, வொர்த்திங் பக்கம் மிதமான அலை, நடுத்தர வாடகை, வாசலிலேயே பஸ். தலைநகர் பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் விரிகுடாவும் பக்கம். அங்கே தண்ணீர் அமைதியானது, ஆமைகளும் மூழ்கிய கப்பல்களும் கரையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

ஒரு எச்சரிக்கை. சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி சில மாதங்களில் குவியல் குவியலாக ஒதுங்கி, அழுகி நாறும். அதிகம் மாட்டிக்கொள்வது கிழக்கும் தென்கிழக்கும். மேற்கு ஓரளவு தப்பிக்கும். முன்பணம் கட்டுமுன் அந்தக் கடற்கரையின் அண்மைப் படங்களைத் தேடிப் பாருங்கள்.

படி 3: விசா

இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் பார்படோஸுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. சிக்கல் வழியில்தான். இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. லண்டன், நியூயார்க், மயாமி, டொராண்டோ போன்ற நகரங்களில் மாற வேண்டும். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்குக்கூட அந்த நாட்டு விசா வேண்டும். ஆகவே கையில் ஏற்கெனவே எந்த நாட்டு விசா இருக்கிறதோ, அந்த வழியாக டிக்கெட் போடுங்கள். எந்த விசாவும் இல்லையென்றால், முதலில் அதற்கு விண்ணப்பித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

படி 4: பணமும் பஸ்ஸும்

2 பார்படோஸ் டாலர் 1 அமெரிக்க டாலர். இது நிலையான மாற்று விகிதம். விலைப்பட்டியலில் வெறும் டாலர் குறி இருந்தால் எந்த நாட்டு டாலர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்சிக்கு மீட்டர் கிடையாது, ஏறுமுன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். பஸ் மலிவு. நம்பர் பிளேட்டில் 'இசட்ஆர்' என்றிருக்கும் வேன்கள் பாட்டும் வேகமுமாகப் பறக்கும். தெற்குக் கரை முழுவதும் அதிலேயே சுற்றிவிடலாம்.

படி 5: பெட்டி கட்டும்போதும் கரையிலும்

ராணுவ உடை மாதிரி திட்டுத்திட்டான பச்சை நிறத் துணியை எடுத்துப் போகாதீர்கள். பொதுமக்கள் அதை அணிவது அங்கே சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கில்லை.

கரையோரம் மஞ்சினீல் என்றொரு மரம் உண்டு. காய் சின்னப் பச்சை ஆப்பிள் போல இருக்கும். வாயில் வைத்தால் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே, சொட்டுகிற நீர் பட்ட இடம் கொப்புளிக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டி வைத்திருப்பார்கள். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால், இறங்கிய முதல் நாளே அந்த மரத்தை அவர்களுக்குக் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

கடற்கரைகள் எல்லாமே பொதுமக்களுக்குச் சொந்தம். ஆடம்பர ஹோட்டலின் முன்னால் இருக்கிற மணலிலும் தாராளமாகத் துண்டு விரிக்கலாம், நாற்காலிக்குத்தான் காசு.

சாப்பாட்டுக்கு: சைவக்காரர்கள் உருளைக்கிழங்கோ கொண்டைக்கடலையோ வைத்த ரொட்டியைக் கேட்டு வாங்கலாம். மீன் சாப்பிடுகிறவர்கள் பயணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வருகிற மாதிரி தேதி போடுங்கள். அன்று இரவு ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தையில் அடுப்பு பற்றவைத்து, பிடித்து வந்த மீனைச் சுட்டும் பொரித்தும் தருவார்கள். ஏழு மணிக்குள் போய்விட்டால் உட்கார இடம் கிடைக்கும்.