விசா 'பான்' ஆகவில்லை: மறுப்பைச் சொல்லும் ஆங்கில வினைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மகன்ர விசா றிஜெக்ற் ஆகிட்டுது" என்று யாழ்ப்பாணத்தில் எல்லாரும் சொல்லுவோம். பேச்சுக்கு அது போதும். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அதே சொல்லைப் படிவத்தில் எழுதினால்தான் சிக்கல். பிரித்தானியக் குடிவரவு நடைமுறையில் 'றிஜெக்ற்' என்றால், கட்டணம் கட்டாதது போன்ற குறையால் விண்ணப்பம் செல்லுபடியாகவில்லை, அதைப் பரிசீலிக்கவே இல்லை என்று அர்த்தம். எல்லாவற்றையும் பார்த்த பிறகு தரமாட்டோம் என்று முடிவெடுத்தால் அது 'றிஃபியூஸ்'. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாவது கடிதம்தான்.

கனடாப் படிவம் ஒரே கேள்விக்குள் மூன்று விஷயங்களைக் கேட்கிறது: விசாவோ பெர்மிற்றோ 'றிஃபியூஸ்' ஆனதா, எந்த நாட்டிலாவது 'டினைட் என்ட்றி' ஆனதா, நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்ததா? முதலாவது நீங்கள் ஊரில் இருக்கும்போதே காகிதத்தில் வருவது. இரண்டாவது விமான நிலையம் வரை போய், உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்படுவது. கொக்குவிலில் வீட்டில் இருந்தபடி மறுப்புக் கடிதம் வாங்கியவர், விபரம் எழுதும் இடத்தில் 'டினைட் என்ட்றி' என்று போட்டால், நடக்காத ஒன்றைத் தன் பெயரில் தானே பதிகிறார்.

அதைவிடப் பாரதூரமானது 'ஐ வோஸ் பான்ட்' என்று எழுதுவது. 'தடை' என்ற தமிழ்ச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ணில் படுவது 'பான்' என்பதால் இந்தப் பிழை வருகிறது. விசா விஷயத்தில் 'பான்' என்றால், குறிப்பிட்ட காலத்துக்கு அந்த நாட்டின் கதவே மூடப்பட்டது என்றாகும். உண்மையை மறைத்தோ பொய்த் தகவல் கொடுத்தோ பிடிபட்டால் கனடா 5 ஆண்டுகளுக்கும், ஏமாற்றியதாகக் கண்டால் பிரித்தானியா 10 ஆண்டுகளுக்கும் அப்படி மூடும். வங்கிக் கணக்கில் காசு காணாது என்று மறுக்கப்பட்டவர் இந்தச் சொல்லை எழுதினால், வாசிக்கும் அதிகாரிக்கு என்ன நினைப்பு வரும்? கையில் இருக்கும் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் எந்த வினை இருக்கிறதோ அதையே எழுதுங்கள். ஏஜென்சிக்காரர் நிரப்பித் தந்தாலும் இந்த ஒரு வரியை நீங்களே வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

'பான்' சரியாகப் பொருந்தும் இடம் வேறு. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி மீன்பிடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் நிறுத்தியது 'பான்'. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி எங்கள் வெங்காயத் தோட்டக்காரரைத் தவிக்கவிட்டதும் 'பான்'. அந்தத் தடை அதே ஆண்டிலேயே நீக்கப்பட்டது. இந்த நீக்கலை மாணவர்கள் 'கான்சல்' என்று எழுதுகிறார்கள். 'லிஃப்ற்' என்பதே இயல்பு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதியையும் 'பான்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தற்காலிகமாக நிறுத்திவைப்பதற்கு 'சஸ்பென்ட்' பொருத்தம்.

கோயில் பலகைகளுக்கு வருவோம். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையோடு உள்ளே போகக்கூடாது. இதை வெளிநாட்டவருக்கு எழுதும்போது 'பான்' வேண்டாம். அது அரசாங்கத்தின் குரல். 'புரொஹிபிற்' சட்டப்படி சரி, ஆனால் தண்டப்பணம் அறவிடப் போகிறார்கள் போல ஒலிக்கும். 'நொட் அலவ்ட்' போதும். அதைவிட, சட்டையைக் கழற்றி வாருங்கள் என்று 'பிளீஸ்' போட்டுக் கேட்பது வழிபாட்டிடத்துக்கு அழகு என்பது என் எண்ணம்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் காற்றும் கடலும் பெருத்து நெடுந்தீவுப் படகு போகவில்லை என்றால், கடல் 'பிறிவென்ற்' செய்தது. கடலுக்கு அதிகாரம் கிடையாது, ஆகவே 'புரொஹிபிற்' வராது. படகு விடக்கூடாது என்று அதிகாரி உத்தரவு போட்டால் வரும். இரண்டு வினைகளுக்குப் பின்னாலும் 'ஃப்றொம்' வந்து, அடுத்த வினை 'இங்' என்று முடியும். 'ஃபொர்பிட்' பெரும்பாலும் அடுத்த வினைக்கு முன்னால் 'ரு' (to) கேட்கும். அப்பா, மதம், மருத்துவர் போன்றோர் விதிக்கும் தடைக்கு அது நல்லது.

வீட்டுப் பேச்சில் இதெல்லாம் வேண்டியதில்லை. "அம்மா போக விடேல்லை" என்பதற்கு 'டிட் நொட் லெற் மீ கோ' போதும். 'விடு' என்பதைப் பிடித்துக்கொண்டு 'லீவ்' என்று எழுதினால் அம்மா பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றாகிவிடும். 'லெற்' வந்தால் 'ரு' போடக்கூடாது. 'அலவ்' வந்தால் போட வேண்டும். 'டினை' செய்தான் என்றால், செய்ததை இல்லை என்றான். போகமாட்டேன் என்றவன் 'றிஃபியூஸ்' செய்தான். ஆகவே 'டினைட் ரு கோ' பிழை.

உதைபந்தாட்டத்தில் அடித்த கோலை நடுவர் செல்லாது என்றால் 'டிஸலவ்'. நடந்து முடிந்ததை ஏற்காத இடத்துக்கே அது உரியது.

கடைசியாக, தமிழ் 'வேண்டாம்' இரண்டு பக்கமும் போகும். இரத்தப் பரிசோதனைக்கு வரும்போது "காலமை சாப்பிட வேண்டாம்" என்று தாதி சொல்வது கட்டளை, 'மஸ்ற் நொட்'. "காசு கட்ட வேண்டாம், இலவசம்" என்பது 'நீட் நொட்'. வெளிநாட்டிலிருந்து வந்த பேரப்பிள்ளை, அம்மம்மாவின் பரிசோதனைக் குறிப்பை ஆங்கிலத்தில் கேட்கும்போது 'நீட் நொட் ஈற்' என்று சொல்லிவிட்டால், விரும்பினால் சாப்பிடலாம் என்றுதான் விளங்கிக்கொள்ளும். அம்மம்மாவுக்குப் பாணும் பருப்பும் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வரும்.